மாத்தாள்

மொக்கம்மாள் தூக்குச்சட்டியில் கறிக்குழம்போடு ராமுத்தாய் வீட்டுப் படியேறியதை மில்லுக்குள் இருந்து பார்த்தேன். பார்த்தவுடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். மொக்கம்மாளின் புருஷன் நல்லகண்ணு, ராமுத்தாயின் புருஷன் ஒச்சாண்டிக்குப் பெரியப்பன் மகன். சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்று ஆரம்பித்த சண்டையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வருஷக்கணக்காகியிருந்தது. தெருவில் எதிரெதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவள் கறி எடுத்து, மசால் அரைத்து, குழம்பு வைத்துச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றால் சும்மாவா கொடுப்பாள்?

என் மாவு மில்லுக்கும் ஒச்சாண்டி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மில் ஓடாத நேரத்தில் அங்கே கரண்டி கீழே விழுந்தாலும் எனக்குக் கேட்கும். அந்தக் காலத்தில் கரண்டு போகாத நாள் ஏது? ஒட்டுக்கேட்டேன் என்று எவளும் சொல்ல வேண்டாம். சுவர் அப்படி.

அது எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மேற்கே கேரள மலையில் மழை கொட்டும். எங்களுக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். அரைத்த மாவு பாத்திரத்தில் விழுவதற்குள் பாதி பறந்துவிடும். "மாவு கொறையுதே" என்று பொம்பளைகள் என்னை வைவார்கள். நானும் திருப்பி வைவேன்.

"என்னக்கா, வழி தப்பி வந்துட்டியா?" என்று ராமுத்தாய் கேட்டது சுவர் வழியாக வந்தது.

"ஏண்டி, சண்டைன்னா சாகுற வரைக்குமா? பிள்ள ஆசையாத் திங்குமேன்னு கொண்டாந்தேன். கொழுந்தனாரு எங்கன?"

"பந்தல் வேலைக்குப் போயிருக்காக."

ராமுத்தாய் பிறத்தியாரிடம் புருஷனை அவுக, இவுக என்பாள். முகத்துக்கு நேரே நீதான், கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

"அவுக சவுதியில இருந்து பேசி அனுப்பியிருக்காகடி. கேசட்டு. கொழுந்தனாருக்குன்னே பேசியிருக்காக. சாயங்காலம் டேப்ரிக்கார்டரோட வாரேன்" என்றாள் மொக்கம்மாள்.

சாயங்காலம் வந்தாள். தெருவில் பாதி ஜனம் அந்த வீட்டு வாசலில் நின்றது. நானும் மில்லைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன். நல்லகண்ணு சவுதிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. போனவர் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. டேப்ரிக்கார்டர் மட்டும் ஆள் மூலம் வந்தது. பித்தானை அமுக்கியதும் கரகரவென்று சத்தம், அப்புறம் அவர் குரல்.

"ஏலே ஒச்சாண்டி, அண்ணேன் பேசுறேன். நான் நல்லாருக்கேன். எங்க மொதலாளிக்கு ரெண்டாவதா ஒரு ஆளு வேணுமாம். உன்னயத்தான் சொல்லி வச்சிருக்கேன். பேரீச்சந் தோட்டம். நம்ம வேலதாம்லே. தண்ணி கட்டணும், மட்ட கழிக்கணும். மூணு வேளைச் சோறு மொதலாளி வீட்டுலயே. படுக்க எடம், துணிமணி எல்லாம் அவுகளே. ஒண்ணும் ரோசிக்காத. பாஸ்போர்ட்ட மதினி கிட்டக் குடு. வந்துரு."

மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறவர் பேச்சு மாதிரிதான் எனக்குப் பட்டது. ஊரில் இருந்தபோது ஒரு வாக்கியத்தில் மூன்று கெட்ட வார்த்தை போடாமல் பேசத் தெரியாத மனுஷன் அவர். ஆனால் ஒச்சாண்டியின் முகம் மலர்ந்துபோய் இருந்தது.

ஒச்சாண்டி பந்தல்காரன். திராட்சைத் தோட்டத்தில் கல்தூண் ஊன்றி, முனைக்கு முனை கம்பி இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டுகிற வேலை. கம்பி தளர்ந்தால் குலை பிடித்த காலத்தில் பந்தல் படுத்துவிடும். அவன் இழுத்த பந்தல் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளங்கை முழுக்கக் கம்பி அறுத்த காய்ப்பு. ஆனால் பந்தல் போட்டு முடித்த தோட்டத்தில் அப்புறம் வருஷக்கணக்கில் அவனுக்கு வேலை கிடையாது. அதனால்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, அலையாய் அலைந்து வாங்கி வைத்திருந்தான்.

மறுநாளே இன்னொரு ஆள் வந்து சேர்ந்தார். தேனிக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிற வைகுண்டராஜ். பந்தல் கம்பிக்கு இந்தப் பக்கத்தில் அவர் கடைதான். வாயில் நல்ல சொல்லே வராது. எங்கள் ஊர்த் தோட்டத்துக்குக் கம்பி ஏற்றி வந்த லாரியில் வந்தவர், ஒச்சாண்டி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏலே ஒச்சாண்டி, வார ஞாயித்துக்கெழம மதுரையில ஆள் எடுக்குறாக. மஸ்கட்டுல கட்டடக் கம்பெனி. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுற வேல. எம் மச்சினன் அங்கனதான் இருக்கான். உங் கைவேலைய நான் பாத்திருக்கேன், போனா எடுத்துக்கிடுவாக."

"சோறு யாரு போடுவா அண்ணாச்சி?"

"உங்கப்பனா வந்து போடுவான்? நீதாம்லே பொங்கித் திங்கணும்."

"மொதலாளி எப்படி?"

"மொதலாளி என்ன மொதலாளி? கம்பெனின்னு சொல்லுதேன்ல. எட்டு மணி நேரம் வேல. மேக்கொண்டு பாத்தா ஓவர்டைம். மேலுக்கு முடியலன்னா கேம்புல டாக்டர் இருக்காக. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு."

"இருந்தாலும் ஒரு மொகம் வேண்டாமா அண்ணாச்சி? கஷ்டம்னு வந்தா யாரு கிட்டப் போயி நிக்கிறது? கம்பெனி கிட்டப் போயி அழ முடியுமா?"

"அழுறதுக்குத்தான் போறியா நீ?"

ராமுத்தாய் நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, உங்க மச்சினன் லீவுல வந்தாகளா?" என்றாள்.

"போன மாசிக்கு வந்துட்டுப் போனான்."

"அவுக வந்திருந்தப்ப அவுக வேலைய யாரு பாத்தா?"

வைகுண்டராஜுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எவன் பாத்தா எனக்கென்ன? அது கம்பெனி பாடு. இவன் என்னத்துக்கு அதை ரோசிக்கணும்?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மலைக்குப் போகிற பொம்பளை ஒருத்தி அங்கே நின்றிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். ராமுத்தாயும் மொக்கம்மாளும் எங்கள் ஊர்ப் பொம்பளைகளோடு கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார்கள். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார்கள். ஆறு நாளும் மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து, கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சிக் குடிக்க வேண்டும். நடுவில் எவளாவது இறங்க வேண்டும் என்றால் கங்காணி சுருளியாண்டி ஒரே வார்த்தைதான் சொல்வான்: "மாத்தாள விட்டுட்டுப் போ." தன் இடத்தில் வேலை பார்க்க இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஜீப்பில் ஏற்றுவான். ராமுத்தாயின் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, ஒச்சாண்டி ஊரெல்லாம் கெஞ்சி ஒருத்தியைப் பிடித்து மேலே அனுப்பிய பிறகுதான் பெற்றவள் கீழே வர முடிந்தது. பிள்ளைக்கு அதற்குள் கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. பாவிப்பயல். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு மேலே ஒருத்தன்.

அப்போது ஒச்சாண்டி வேறு வாயை விட்டான். "இதுல உங்களுக்கு என்ன அண்ணாச்சி லாபம்?"

வைகுண்டராஜுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "லாபமா? உன்ன மாதிரிக் கூறுகெட்ட பய கிட்ட வாய் வலிக்கப் பேசுனேன் பாரு, அதாம்லே லாபம். வந்தா வா, வராட்டிக் கெட!" என்று லாரியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டையில் என் மில் சுவரில் காரை பெயராதது ஆச்சரியம்.

"கம்பெனிக்குப் போய்யா. லீவு உண்டுங்கிறாகள்ல."

"உனக்கு என்ன தெரியும்? சோறு போடுற மொதலாளி ஆள விட மாட்டான். நீ போற எஸ்டேட்டுலயே பாரு, கஞ்சி ஊத்துற எஸ்டேட்டுக்குத்தான ஜீப்பு நெம்பிப் போகுது?"

"போகும். கஞ்சி ஊத்துறவன் பெறகு சும்மா விடுவானா? குடிச்ச கையோட கெழங்கு வெட்டச் சொல்லுவான், மாட்டுக்குப் புல்லு அறுக்கச் சொல்லுவான். மொதலாளி வீட்டுச் சட்டிய வேற தேய்ச்சுட்டு வரணும். நான் தேய்ச்சிருக்கேன். நீயா தேய்ச்ச?"

"அண்ணேன் பொய் சொல்லுவாரா?"

"அவரு பேசுற மாதிரியே இல்லையே அது!"

"உனக்கு மொக்கம்மா மதினியக் கண்டா ஆகாது. அதான் குதிக்கிற. சாக்கடைச் சண்டைய சவுதி வரைக்கும் கொண்டு போற பாரு நீ!"

இதைக் கேட்டு எனக்கே சுர்ரென்று ஏறியது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? களி கிண்டுகிற துடுப்பு சுவரில் வந்து அடித்த சத்தம் கேட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மொக்கம்மாளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுப்பது என்று ஒச்சாண்டி முடிவாகச் சொல்லிவிட்டான். ராமுத்தாய் திங்கட்கிழமை விடிந்ததும் மகளை என்னிடம் விட்டுவிட்டு, புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமலே ஜீப் ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை அவள் இறங்கி வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் திக்கென்கிறது. தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி, கெண்டைக்காலில் அட்டை கடித்து வழிந்த ரத்தம் காயக்கூட இல்லை. கையெல்லாம் ஏலக்காய்ப் பிசுக்கு. நேராகத் தன் வீட்டுக்குப் போனாள். வாசலில் மொக்கம்மாள் நின்றிருந்தாள், ஒச்சாண்டி பாஸ்போர்ட்டோடு வருவதற்காக.

"அக்கா, உன் வீட்டுக்காரரு எப்ப ஊருக்கு வாராரு?"

மொக்கம்மாள் திடுக்கிட்டாள். "யாருடி சொன்னா?"

"சுருளியாண்டி சொன்னான். இந்த வாரத்துல இருந்து நீ மலைக்கு வரலன்னுட்டியாமே? காய் எடுக்குற காலத்துல எவ நிப்பா? ஏன்டான்னு கேட்டேன். அவ புருஷன் வாராராம், வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம்னான்."

"வாராக. நாலு வருசங் கழிச்சு எம் புருஷன் வாராக. உனக்கென்னடி வயித்தெரிச்சல்?"

"ரெண்டாவது ஆளு வேணும்னுல்ல கேசட்டுல சொன்னாரு? ரெண்டாவது ஆளு அங்கன போறப்ப மொத ஆளு எதுக்கு இங்கன வாராரு? சொல்லு. எம் புருஷன் ரெண்டாவது ஆளா, மாத்தாளா?"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மொக்கம்மாள் மழுப்புவாள் என்று நினைத்தேன். அவள் ஒரேயடியாக வெடித்துவிட்டாள்.

"மாத்தாள்தாண்டி! ஆமா, மாத்தாள்தான்! ஊருக்குப் போறேன்னு கேட்டா, ஒரு ஆளக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்கிறானாம் அந்த மொதலாளி. பாஸ்போர்ட்டப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டான். விடியுமுன்ன தோட்டம். பெறகு வீடு. பெறகு விருந்தாளுக வந்தா அவுக காலைக் கழுவுற வரைக்கும் இவருதான். சோறு போடுறான்டி, இல்லன்னு சொல்லல. பாதிச் சோத்துல கூப்பிடுவானாம், எந்திரிச்சு ஓடணுமாம். எம் மக சமஞ்சதுக்கு அப்பன் வரல. அவுக ஆத்தா செத்ததுக்கு மகன் வரல. கொள்ளிக்குப் பங்காளி வீட்டுல ஆள் தேடுனோம்!"

"அதுக்கு எம் புருஷன் தலையா கெடச்சுச்சு?"

"வேற எவன் தலையக் கேப்பேன்? ஊரான் வீட்டுப் பிள்ளையையா கேக்க முடியும்? சொந்தத்துக்கிட்டத்தாண்டி கேக்க முடியும்!"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒருத்தி அடுத்தவள் தாலியில் கை வைக்கிறாள், இன்னொருத்தி ஈவு இரக்கம் இல்லாமல் தெருவில் வைத்து உரிக்கிறாள். ஆனால் யாரை வைவது? வைய வேண்டியவன் கடல் தாண்டி எங்கேயோ சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என் வசவு கேட்கவா போகிறது?

ஒச்சாண்டி அந்த நேரம் வந்து சேர்ந்தான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டு தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"கேட்டியாய்யா? உங்கண்ணேன் கூப்புட்ட லெச்சணத்தக் கேட்டியா?" என்றாள் ராமுத்தாய்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கேசட்டு போட்ட அன்னிக்கே மதினி எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதுச்சு. தெரிஞ்சுதான் போறேன்னேன்."

ராமுத்தாய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். மொக்கம்மாள் தெருவிலேயே நின்றாள். காற்று அவள் சேலையைப் பிய்த்தது, இழுத்துச் சொருகக்கூட இல்லை. நான் மில்லுக்குள் வந்து உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம், கரண்டு இல்லை.

"எங்கப்பன் செத்தப்ப எனக்கு என்னடி வயசு? பெரியப்பன் வீட்டுக் களியத் தின்னுதான் நான் ஆளானேன்" என்றான் ஒச்சாண்டி. "அந்த அண்ணேன் தோள்ல உக்காந்துதான் நான் வீரபாண்டித் திருவிழா பாத்தேன். அவரு அங்கன கெடந்து சாவட்டும், நான் மஸ்கட்டுல ஓவர்டைம் பாக்கணும்ங்கிறியா? சோறு போட்டவுகளுக்கு நான் செய்ய வேண்டாமா?"

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. எனக்கே சுவரில் காதை வைக்க வேண்டியதாகிவிட்டது. போகட்டும், அன்றைக்கு மட்டும் ஒட்டுத்தான் கேட்டேன்.

"போ" என்றாள். "போயி உங்கண்ணன அனுப்பி வை. நான் மறிக்கல. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். கேட்டுக்க. நாலு வருசமோ எட்டு வருசமோ கழிச்சு, எனக்கும் ஒரு ஆளப் பிடிச்சு அனுப்புன்னு நீ கேசட்டுல பேசி அனுப்பாத. எவ வீட்டுப் படியும் நான் கொழம்பத் தூக்கிட்டு ஏற மாட்டேன். எவ புருஷனையும் நான் ஏய்ச்சு அங்கன ஏத்தி விட மாட்டேன். உனக்கு மாத்தாள் நான் தேட மாட்டேன்யா. நீ அங்கனயே கெடந்து செத்தேன்னு சேதி வந்தாலும் தேட மாட்டேன். ரோசன பண்ணிக்க."

அதற்குப் பிறகு அடுப்பு மூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. உலை கொதித்தது. களி கிண்டினாள். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போக அவள் என் மில்லுக்கு வந்தபோது கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "மில்லக்கா, நாளைக்கு மதுரைக்கு மொத பஸ்சு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவனைக் கேட்காமலேயே கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒச்சாண்டி வெளியே வந்தான். பெரியப்பன் வீட்டு வாசல் வரைக்கும் போய், படியேறாமல் கீழேயே நின்று சொன்னான்.

"மதினி, நான் நாளைக்கு மதுரைக்குப் போறேன்."

மொக்கம்மாள் வந்து தெருமண்ணை வாரினாள். "வெளங்க மாட்டீகடா! எம் புருஷன் விட்ட ஒவ்வொரு மூச்சும் உங்க குடும்பத்த அறுக்கும்டா!" என்று தூற்றினாள். காற்றில் அந்த மண் அவள் கண்ணிலேயே திரும்பி வந்து விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வைதாள். ஒச்சாண்டி அத்தனையும் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டுத்தான் வந்தான்.

மதுரையில் ஆள் எடுத்த லாட்ஜுக்குப் பின்னால் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டச் சொன்னார்களாம். கட்டினான், எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் மஸ்கட்டுக்குப் போனான். மண்ணெண்ணெய் அடுப்பில் தானே பொங்கித் தின்கிறான், எட்டுப் பேருக்கு ஒரு ரூம், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எழுதினான். முதலாளி யாரென்று இன்னும் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தான். ராமுத்தாய் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

மறுவருஷம் பங்குனியில் நல்லகண்ணு வந்துவிட்டார். தேவதானப்பட்டிப் பக்கம் மொக்கம்மாளின் தாய்வழியில் தூரத்து உறவு ஒருவனைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வந்த மனுஷனைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. தெருவில் எவனாவது எவனையோ "ஏய்" என்று கூப்பிட்டால், சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு வந்து நிற்பார்.

குழாயடி என் மில்லுக்கு நேர் எதிரே. ஒருநாள் காலையில் இரண்டு பேரும் குடத்தோடு வந்துவிட்டார்கள், வேறு யாரும் இல்லை. மொக்கம்மாள் காறித் துப்பிவிட்டுக் குடத்தைக் குழாயில் வைத்தாள். அது நிறைகிற வரைக்கும் ராமுத்தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்ணை வாரித் தூற்றிய நாளுக்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு சொல் கிடையாது.

"மாத்தாளாப் போனவனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்று ராமுத்தாய் கேட்டாள்.

மொக்கம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலு எட்டு நடந்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இருக்கா. ஒன்னய மாதிரி கேக்கத் தெரியாதவ."